சுசுகி ஹஸ்லர்: ஜப்பானுக்கென்றே வரைந்த வண்டி நம் பக்கம் ஏன் வருவதில்லை? (விவாத இழை)

கல்லார்_வளைவு (கோவை)

ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி. சுசுகி ஹஸ்லர் பற்றி எந்தக் காணொளியைத் திறந்தாலும் கீழே நம் ஆட்கள் "மாருதி இதை ஏன் கொண்டுவரவில்லை" என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். வட்ட முகப்பு விளக்கு, நேர்ச்சுவர் வைத்த உடம்பு, ஆரஞ்சு நிறத்துக்கு வெள்ளைக் கூரை, சில வண்டிகளில் இரும்புச் சக்கரத்துக்கும் வெள்ளைப் பெயின்ட். பார்த்தாலே சிரிப்பு வருகிற முகம். இங்கே ஷோரூமில் நிற்பதெல்லாம் யாரையோ அடிக்கப் போகிற மாதிரி முறைக்கிறது.

குன்னூர், கோத்தகிரி ஏறி இறங்க இப்படி ஒரு குட்டி வண்டி போதாதா? தரையிலிருந்து உயரமும் இருக்கிறது, நான்கு சக்கர இழுவையும் கிடைக்கிறது. வேண்டுமென்றே நமக்குத் தராமல் வைத்திருக்கிறார்களா, இல்லை வேறு காரணம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_எட்டிப்பார்ப்பவன்

அதான் எஸ்-பிரெஸ்ஸோ என்று மாருதி ஒரு குட்டி வண்டி கொடுத்தார்களே, போதாதா :)

கல்லார்_வளைவு (கோவை)

காலையிலேயே வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள்.

மஞ்சள்_பலகை (ஷிசுவோகா, ஜப்பான்)

நான் இருப்பது ஹமமட்சு பக்கம், சுசுகியின் சொந்த ஊர். தெருவுக்கு இரண்டு ஹஸ்லர் நிற்கும். என்னிடமும் ஒன்று இருக்கிறது, இரண்டாம் தலைமுறை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. இந்த வண்டியை வடிவமைப்பாளர் பென்சில் எடுப்பதற்கு முன்பே சட்டம் பாதி வரைந்து முடித்துவிட்டது. ஜப்பானில் "கெய்" என்று ஒரு வகை உண்டு. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், எஞ்சின் 660 சிசி. இதில் எதையும் தாண்டக் கூடாது, நான்கு பேருக்கு மேல் உட்காரவும் கூடாது. 1949-ல் தொடங்கிய ஏற்பாடு இது. எஞ்சின் அளவு 360, 550 என்று ஏறி 1990-ல் 660-க்கு வந்தது, இப்போதுள்ள நீள அகலம் 1998-ல் வந்தது. இது போக 64 குதிரைத்திறனைத் தாண்டுவதில்லை என்று நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் ஒப்பந்தம் 1980-களிலிருந்து ஓடுகிறது.

ஹஸ்லரை அளந்து பாருங்கள். நீளம் 3,395 மி.மீ., அகலம் 1,475 மி.மீ. இரண்டு அளவிலும் 5 மி.மீ. மிச்சம் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். உயரத்தில் மட்டும்தான் கை வீச இடம் இருந்தது, அதில் 1,680 மி.மீ. எடுத்துக்கொண்டார்கள். அந்த நேர்ச்சுவர் உடம்பு அழகுக்காக வந்தது என்று நினைக்காதீர்கள். அகலம் கிடைக்காதவன் சுவரைச் சாய்த்தால் உள்ளே தோள் இடிக்கும், அவ்வளவுதான். கண்ணாடியும் கதவும் செங்குத்தாக நிற்பதால்தான் இரண்டு பெரிய ஆட்கள் முன்னால் முழங்கை உரசாமல் உட்கார முடிகிறது. பின் இருக்கை இரண்டும் தனித்தனியாக முன்னும் பின்னும் நகரும். சாமான் வைக்கும் தரையும் பின் இருக்கையின் முதுகும் துடைத்து எடுக்கிற பிளாஸ்டிக். ஈரமான பனிக்காலணியைக் கழற்றி அப்படியே எறியலாம்.

சட்டத்துக்குள் அடங்கினால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். புது கெய்க்கு ஆண்டு வாகன வரி 10,800 யென். ஒரு லிட்டருக்குக் கீழே உள்ள சாதாரண காருக்கே 25,000 யென். விரைவுச்சாலைக் கட்டணம் குறைவு. காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல்துறைச் சான்று வாங்கினால்தான் சாதாரண காரைப் பதிய முடியும். கெய் என்றால் பெரிய ஊர்களில் வாங்கிய பிறகு தெரிவித்தால் போதும், பல சிற்றூர்களில் அதுவும் வேண்டாம். இங்கே விற்கும் புது வண்டிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கெய்தான். நாட்டுப்புறத்தில் வீட்டுக்கு ஒன்று இல்லை, ஆளுக்கு ஒன்று.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஹஸ்லர் செய்தது என்ன? சுசுகியிடம் 1998 முதல் 2009 வரை "கெய்" என்ற பெயரிலேயே கொஞ்சம் தூக்கலான ஒரு வண்டி இருந்தது. அதை நிறுத்திய பிறகு அந்த இடம் காலியாகவே கிடந்தது. ஒரு பக்கம் வேகன் ஆர் போன்ற உயர டப்பா, இன்னொரு பக்கம் காட்டுப்பாதைக்கான குட்டி ஜீப் ஜிம்னி. நடுவில் ஆளில்லை. 2013 டோக்கியோ கண்காட்சியில் ஹஸ்லரைக் காட்டினார்கள், 2014 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. அடித்தளம் வேகன் ஆரிடமிருந்து, பெயர் 1969-ல் வந்த ஹஸ்லர் 250 மோட்டார் சைக்கிளிடமிருந்து. பல மாதம் காத்திருந்துதான் சனங்கள் வாங்கினார்கள். அதே வண்டியை மஸ்தா "ஃபிளேர் கிராஸ்ஓவர்" என்று தன் பெயர் ஒட்டி விற்கிறது. 2020-ல் டைஹட்சு கண்ணாடிக் கூரையோடு "டாஃப்ட்" என்று ஒன்றை எதிரே நிறுத்தியது. மிட்சுபிஷியிடம் இப்போது டெலிகா மினி இருக்கிறது. ஒரே பெட்டிக்குள் எல்லாரும் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று பார்ப்பதே தனி சுவாரசியம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஹஸ்லர் ஜிம்னி கிடையாது. ஜிம்னிக்கு லாரி மாதிரி அடியில் தனி ஏணிச் சட்டகம். ஹஸ்லருக்குச் சாதாரண கார் உடம்பு, 165/60 ஆர்15 டயர், முன்சக்கரம் வழுக்கினால் பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் இழுவை அனுப்புகிற எளிய ஏற்பாடு. பனி பெய்த காலையில் வீட்டு வாசலிலிருந்து பெரிய சாலை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். குளிர்காலத்தில் நாகானோ பக்கம் போவேன், பனி டயர் போட்டுவிட்டால் தெம்பாக ஏறும். பாறையில் ஏற்றினால் அழுதுவிடும்.

கல்லார்_வளைவு (கோவை)

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி அண்ணா. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. நல்ல வண்டி என்றால் இங்கேயும் நல்ல வண்டிதானே?

நாலு_மீட்டர் (சென்னை)

இதற்கு நான் வருகிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாகத் தொழிலில் பல வருடமாக இருக்கிறேன்.

மஞ்சள்_பலகை சொன்ன பெட்டி மாதிரி நமக்கும் ஒன்று இருக்கிறது, அளவுதான் வேறு. 2006 பட்ஜெட்டில் சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள் என்று கோடு போட்டு உற்பத்தி வரியைக் குறைத்தார்கள். ஜிஎஸ்டி வந்த பிறகும் கோடு மாறவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டுக்குள் இருந்தால் 18 சதவீதம், வெளியே போனால் 40. பிறகு ஏன் எல்லா வண்டியும் 3,995 மி.மீ.யில் வந்து நிற்காது? பிரெஸ்ஸா 3,995. வென்யூ 3,995. நெக்ஸான் 3,995. டேப் வைத்து அளக்கவே வேண்டாம்.

இப்போது ஹஸ்லரை இங்கே இறக்குங்கள். 3.4 மீட்டருக்கும் 660 சிசிக்கும் இந்தியாவில் தனிச் சலுகை ஒன்றும் இல்லை. 4 மீட்டர், 1.2 லிட்டர் வண்டிக்கு என்ன வரியோ அதே வரிதான். அப்படியானால் ஒரு கம்பெனி எதற்காக அரை மீட்டரையும் அரை லிட்டரையும் விட்டுக்கொடுக்கும்? வாங்குபவர் எதற்காக விட்டுக்கொடுப்பார்? ஜப்பானில் அந்தக் குறுகல் பணத்தை மிச்சம் பிடிக்கிறது. இங்கே குறுகல் மட்டும்தான் மிச்சம்.

அப்புறம் நான்கு பேர் சங்கதி. இங்கே ஐந்தாவது சீட் பெல்ட் இல்லாத குடும்பக் காரை விற்றுப் பாருங்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி. பாட்டியை எங்கே உட்கார வைப்பது? ஷோரூம் வாசலிலேயே கதை முடிந்தது.

இந்தியாவுக்கென்று வரைந்த குட்டி கிராஸ்ஓவர் (காரும் ஜீப்பும் கலந்த வகை) எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா, 2023 ஜூலையில் வந்த ஹூண்டாய் எக்ஸ்டரைப் பாருங்கள். நம்ம இருங்காட்டுக்கோட்டைச் சரக்கு. 3,815 மி.மீ., 1.2 லிட்டர், ஐந்து பேர், தொழிற்சாலையிலிருந்தே சிஎன்ஜி, கூரையில் சன்ரூஃப். எனக்கு அதன் முகம் பிடிக்காது, அது வேறு. ஆனால் யாருக்காக வரைந்தது என்பதில் குழப்பமே கிடையாது. ஹஸ்லரும் அப்படித்தான், ஆள் வேறு.

டீசல்ராணி (திருச்சி)

சன்ரூஃபைச் சொன்னீர்களே. வெயிலில் வெந்துகொண்டிருக்கிற ஊரில் கூரையைத் திறந்து என்னத்தைப் பார்ப்பது? எங்கள் தெருவில் அதிலிருந்து தலையை நீட்டாத பிள்ளை கிடையாது. ஜப்பான்காரர் பின் இருக்கை முதுகைத் துடைக்கிற மாதிரி செய்கிறார், நாம் பிள்ளை எட்டிப் பார்க்க ஓட்டை போடுகிறோம்.

பாதுகாப்பைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. 3.4 மீட்டர் வண்டியை திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஓட்டச் சொன்னால் நான் மாட்டேன்.

மஞ்சள்_பலகை (ஷிசுவோகா, ஜப்பான்)

நியாயமான பயம்தான். எடை 800 கிலோ சொச்சம், எதிரே வருவது இரண்டு டன் என்றால் இயற்பியலை ஏமாற்ற முடியாது. 2000-ம் ஆண்டு வரை விரைவுச்சாலையில் கெய் வண்டிக்கு 80 கி.மீ.தான் உச்ச வேகம், அதன் பிறகுதான் மற்ற கார்களைப் போல 100 ஆனது. இன்றைக்கும் 140-ல் தானாக வேகம் அறுபடும். இரண்டாம் தலைமுறையில் முன்கண்ணாடிக்குப் பின்னால் இரட்டைக் கேமரா இருக்கிறது, ஆள் குறுக்கே வந்தால் பிரேக் பிடிக்கும். ஆனால் அதுவும் இங்கத்திய சாலை ஒழுங்கை நம்பி எழுதிய கணக்குதான். தவறான பக்கத்தில் விளக்கில்லாமல் வரும் டிராக்டர் அதன் பாடத்திட்டத்தில் இல்லை.

சும்மா_எட்டிப்பார்ப்பவன்

டிராக்டர் ஓட்டுபவரின் பாடத்திட்டத்திலும் அது இல்லை.

நாலு_மீட்டர் (சென்னை)

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. மாருதியின் ஃபிரான்க்ஸ் நம் வரிக் கோட்டுக்காக 3,995 மி.மீ.யில் வெட்டிய வண்டி. அது குஜராத்திலிருந்து கப்பலேறி 2024 அக்டோபர் முதல் ஜப்பானில் விற்கிறது. அங்கே 4 மீட்டருக்கு ஒரு மரியாதையும் இல்லை, அகலம் 1.7 மீட்டரைத் தாண்டுவதால் பெரிய கார் எண் பலகைதான் மாட்டுவார்கள். நம் பட்ஜெட் போட்ட கோடு ஜப்பான்காரர் வாசலில் போய் நிற்கிறது!

எரிச்சலான பகுதி இதற்கு அடுத்தது. ஜப்பானுக்குப் போகும் ஃபிரான்க்ஸில் நான்கு சக்கர இழுவை உண்டு. அதே தொழிற்சாலையிலிருந்து நமக்கு வருவதில் இல்லை. கல்லார்_வளைவு கோபப்பட வேண்டுமென்றால் இதற்குப் படலாம்.

கல்லார்_வளைவு (கோவை)

பட்டுவிட்டேன். அப்படியென்றால் உலகத்தில் ஜப்பானைத் தவிர எங்கேயுமே ஹஸ்லர் ஓடவில்லையா?

பண்ணைக்_காற்று (யாழ்ப்பாணம்)

ஏன் இல்லை? எங்கட ஊரில் ஓடுது. நான் எழுதுறதே ஹஸ்லர் வைத்திருக்கிறவனாய்த்தான்.

இலங்கையில் காருக்கு உற்பத்தி வரியை எஞ்சின் சிசியைப் பார்த்துத்தான் போடுவினம். நீளத்தை யாரும் அளக்கிறதில்லை. ஆயிரத்துக்குக் குறைஞ்ச எஞ்சினெண்டால் வரியும் இறங்கும். ஜப்பான்காரன் தன்ர சட்டத்துக்காகச் செய்த 660 சிசி எங்கட வரிக்குள்ளயும் பொருந்திப் போச்சு. ஸ்டியரிங்கும் வலப்பக்கம், நாங்கள் ஓடுறதும் இடப்பக்கம். வேறென்ன வேணும்? வேகன் ஆர், ஸ்பேசியா, ஹஸ்லர் மூன்றும் றீகண்டிஷனாய், அதாவது ஜப்பானில் ஓடின பழைய வண்டியாய், வந்து குவிஞ்சது. பாகிஸ்தானிலும் இதே கூத்துத்தானாம், அங்க "660" எண்டு சொன்னாலே சனத்துக்கு விளங்குமாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்கள். தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைக்குள்ள பழைய ஹஸ்லர் வாங்கின விலையை விட ஏறி நிண்டது. கார் ஓட ஓட விலை ஏறின நாடு எங்கடதுதான். 2022-ல் பெற்றோல் தட்டுப்பாட்டுக்குள்ள கியூஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் எண்டு தொடங்கினபோது, பெரிய ஜீப் வைத்திருந்த ஆக்கள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கே! ஜப்பான் விளம்பரத்தில் லீற்றருக்கு 29, 32 கிலோமீற்றர் எண்டு போட்டிருப்பாங்கள். அதை நம்ப வேண்டாம். டவுனுக்குள்ள ஏசி போட்டு 16, 17. ஏ9 றோட்டில் நிதானமாய் ஓடினால் 20-ஐத் தாண்டும். எனக்கு அது காணும்.

என்னுடையது நான்கு சக்கர இழுவை. தெரியாமல் வாங்கவில்லை, நிறம் பிடிச்சிருந்தது, அந்த நேரம் அதுதான் கிடைச்சது. அதில் சீட்டைச் சூடாக்கிற பட்டன் ஒண்டிருக்கு. பனிக்குளிரில் ஜப்பான்காரன் அமத்துறது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் மத்தியானம் என்ர மருமகன் அதை ஒருக்கா விளையாட்டுக்கு அமத்தி விட்டான். எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது, ஏசி பழுதாப் போச்செண்டு நினைச்சு கராஜுக்குத் திருப்பிட்டன்.

ஒவ்வொரு முறை ஸ்டார்ட் பண்ணேக்கையும் ஒரு பொம்பிளைக் குரல் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்லும். அது சுங்கக் கட்டண அட்டை போடேல்லை எண்டு சொல்லுறதாம். எங்கட பக்கம் அந்த அட்டைக்கு வேலையே இல்லை. வயரைக் கழட்டித் தாறன் எண்டு கராஜ்காரர் சொன்னார். வேண்டாம் எண்டிட்டன், பழகிப் போச்சு.

டீசல்ராணி (திருச்சி)

சீட் சூடாக்குகிற பட்டன் :))) வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், ஆபீசில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

குளத்தடி (வவுனியா)

பண்ணைக்_காற்று அண்ணா, நல்ல நேரத்தில் எழுதினீங்கள். நானும் ஒரு ஹஸ்லர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கேயே பதிவான வண்டி, 2015-ல் செய்தது. விற்பவர் "ஹைபிரிட்" என்கிறார், கூட வந்த தரகர் "இல்லை, சாதாரணம்" என்கிறார். இரண்டு பேரையும் நம்ப மனம் வரவில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பண்ணைக்_காற்று (யாழ்ப்பாணம்)

தங்கச்சி, முதலில் வாயால சொல்லுறதை விட்டிட்டு சேசி இலக்கத்தைப் பாருங்கோ. எம்ஆர்31எஸ் எண்டு தொடங்கினால் சாதாரணம். எம்ஆர்41எஸ் எண்டால் மைல்ட் ஹைபிரிட். 2015 நடுப்பகுதியில்தான் 41 வந்தது, அதால 2015 வண்டி ரெண்டு விதமாயும் இருக்கும்.

ஹைபிரிட் எண்டவுடன் டொயோட்டா பிரியஸ் மாதிரி நினைக்க வேண்டாம். கரண்டில் தனியாய் ஓடாது. பெல்ட்டில் பூட்டின சின்ன மோட்டர் ஒண்டு இழுக்கேக்க கொஞ்சம் தள்ளிவிடும், நிண்டு திரும்ப எடுக்கேக்க சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆகும். அவ்வளவுதான். அதுக்காகக் கூடக் காசு கேட்டால் குறைச்சுக் கேளுங்கோ.

மஞ்சள்_பலகை (ஷிசுவோகா, ஜப்பான்)

இரண்டு சங்கதி சேர்க்கிறேன். முன் பயணி இருக்கைக்கு அடியில் சிறிய லித்தியம் அயன் பேட்டரி ஒன்று இருக்கும், 31-லும் உண்டு, 41-லும் உண்டு. இருக்கும் என்பதற்காக ஹைபிரிட் என்று ஆகாது, தரகர்கள் அதைக் காட்டித்தான் ஏமாற்றுவார்கள். அந்த இருக்கைக்கு அடியில் தண்ணீர் புகுந்த தடம், துரு, மண் இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்தது துரு. நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் ஹொக்கைடோ, தொஹோகு போன்ற பனி ஊரிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அங்கே சாலையில் பனி உருக உப்பு மாதிரி இரசாயனம் கொட்டுவார்கள். மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே சஸ்பென்ஷன் கை, சைலன்சர், வெல்டிங் ஓரமெல்லாம் அரித்துப் போயிருக்கும். தூக்கி நிறுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், செதில் செதிலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

ஜப்பான் ஏலத் தாளின் (ஏலத்தில் வண்டியைப் பரிசோதித்து நிலையை எழுதித் தரும் தாள்) நகல் இருந்தால் இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன். தரம் "ஆர்" என்று இருந்தால் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. ஓடிய கிலோமீட்டரும் அதில் இருக்கும், மீட்டரில் காட்டுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் முகவரி ஏதும் இருந்தால் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

நாலு_மீட்டர் (சென்னை)

சிவிடி (தானியங்கி கியர்பாக்ஸ்) எண்ணெய் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். "அதை மாற்றவே வேண்டாம்" என்று பதில் வந்தால் இதுவரை மாற்றவில்லை என்று அர்த்தம். வெயில் ஊர், ஏசி ஓயாமல் ஓடும், நான்கு பேரோடு ஏற்றம் ஏறும். ஓட்டிப் பார்க்கும்போது நின்ற இடத்திலிருந்து மெல்ல எடுங்கள். உதறலோ இழுத்து விடுவது போன்ற தயக்கமோ இருந்தால் யோசியுங்கள்.

குளத்தடி (வவுனியா)

சேசி இலக்கம் பார்த்தேன். எம்ஆர்31எஸ். நான்கு சக்கர இழுவை இல்லை. ஏலத் தாள் தொலைந்துவிட்டதாம். "ஹைபிரிட்" என்றவர் இப்போது "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்கிறார். சனிக்கிழமை எங்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் அடியைத் தூக்கிப் பார்க்கப் போகிறேன்.

பண்ணைக்_காற்று (யாழ்ப்பாணம்)

நல்லது. தாள் துலைஞ்சதெண்டால் விலையிலயும் கொஞ்சம் துலையத்தான் வேணும், அதை மறக்காமல் சொல்லுங்கோ. உதிரிப்பாகத்துக்குப் பயப்பட வேண்டாம், அந்தக் காலத்து வேகன் ஆரின்ர கனசாமான் இதுக்குப் பொருந்தும். லைற், பம்பர் மட்டும் ஹஸ்லருக்கெண்டே தனி, விலையும் கூட. அதால ரெண்டு முன் லைற்றையும் கிட்டப் போய்ப் பாருங்கோ, ஒண்டு மஞ்சளாய் மங்கி மற்றது புதுசாய் இருந்தால் அந்தப் பக்கம் எங்கயோ இடிச்சிருக்கு.